விழத் தெரிந்தவள்

பள்ளி ஆண்டு விழாவுக்காகப் பிள்ளைகளுக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பிரிட் கம் பாட்டிலைத் திறந்ததும் அந்தக் காட்டமான வாசனை மூக்கில் ஏறியது. பாட்டிலைப் பக்கத்து டீச்சர் கையில் கொடுத்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் போய் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்துவிடும் என்ற பயத்தால் அல்ல. எனக்கு அழுகை வருவதில்லை, எதையாவது தூக்கிப் போட்டு உடைக்கத்தான் கை பரபரக்கிறது. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பசையை என் உதட்டுக்கு மேல் முதன்முதலில் தடவியவள் நீ. எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் நாடகம் ஒரு பாடம். வகுப்பே சேர்ந்து ஒரு நாடகம் எழுதி மேடையேற்ற வேண்டும். சண்டைக் காட்சி என்றதும் நம் வகுப்புப் பையன்கள் லைட் பிடிக்கிறேன், திரை இழுக்கிறேன் என்று நழுவிவிட்டார்கள். உயரமாக வளர்ந்த குற்றத்துக்காகக் குடிகாரப் புருஷன் வேஷம் என் தலையில் விழுந்தது. அவனிடம் அடி வாங்கும் பொண்டாட்டி நீ. அன்றிலிருந்து அண்ணாமலை நகரில் எங்கே என்னைக் கண்டாலும், "வாங்க மாமா, டீ சாப்ட்டீங்களா" என்று தலை குனிந்து கேட்பாய். கடையில் நிற்கிறவர்கள் நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். உனக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

கடலூர் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள் நீ. வகுப்பில் இங்கிலீஷ் பேசச் சொன்னால் உனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் நாடகப் பாடம் என்றால் முதல் பெஞ்சில் இருப்பாய். சோக நாடகம் ஒன்று புரியவில்லை என்று நான் புலம்பியபோது, "கடைசில எல்லாரும் வெட்டிக்கினு சாவுறாங்கடி. எங்க ஊரு வலைத் தகராறும் இப்டித்தான். இதுல புதுசா புரிஞ்சிக்க என்னா இருக்குது?" என்றாய். அந்த வருஷம் நாடகத் தாளில் வகுப்பிலேயே உனக்குத்தான் மார்க் ஜாஸ்தி.

மேடையில் அடிப்பது எப்படி என்று ஒரு பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் மீசையை முறுக்கிக்கொண்டு போய் நின்றேன். என்னிடம் ஒரு வேலையும் இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. அறைகிறவள் காற்றில் கையை வீச வேண்டும், அவ்வளவுதான். கண்ணால் சைகை கொடுப்பது, நெஞ்சுக்குக் கீழே மறைவாகக் கைதட்டிச் சத்தம் எழுப்புவது, தலையைத் திருப்பி விழுவது எல்லாம் அடி வாங்குகிறவள் பொறுப்பு. முடியைப் பிடித்து இழுக்கும் காட்சியிலும் அப்படித்தான். என் முஷ்டி உன் தலைமேல் சும்மா இருக்கும். நீதான் இரண்டு கையாலும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து என்னை மேடை முழுக்க இழுத்துக்கொண்டு போவாய். பார்க்கிறவர்களுக்கு நான் உன்னைத் தரதரவென்று இழுப்பதுபோல் தெரியும். "அடி வாங்கறவ கையிலதான்டி மொத்த சண்டையும் இருக்குது" என்று பெருமையடித்துக்கொள்வாய். விழுந்து விழுந்து பழகினாய். முட்டி, இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரையில் படும். மல்லாந்து விழுந்தாலும் தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்கும், தலை தரையில் படாது. சிமெண்ட் தரையில் விழுந்து எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுச் சிரிப்பாய்.

உங்கள் குப்பத்துக் கோயில் திடலில் அந்த நாடகத்தையே போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா. முதல் அறையிலேயே உன் அம்மா துடைப்பக்கட்டையோடு மேடை ஏறிவிட்டாள். "எவன்டா அவன், எம் பொண்ணு மேல கை வைக்கிறவன்" என்று முதுகில் ஒன்று, தோளில் ஒன்று, மீசை பிய்ந்து தொங்கும்படி வாயில் ஒன்று. கூட்டம் விசிலடித்தது. நான் வலியில் கத்தினேன், நீ சிரித்துப் புரண்டாய். அப்புறம் அம்மாவைத் தின்பண்டக் கடைப் பக்கம் இழுத்துப்போய் பொறுமையாக விளக்கினாய். "பாரும்மா, கை படவே இல்ல. சத்தம் நான் போடுறது. எனக்கு ஒண்ணியும் வலிக்காது." அவள் உன் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

அந்தத் திடலில் அவனும் உட்கார்ந்திருந்தான். நான் அறைந்தபோது அவன் கைதட்டவில்லை, நீ விழுந்தபோது தட்டினான். நான் மேடையிலிருந்து பார்த்தேன். அடுத்த வருஷம் உன் சொந்தக்காரர்கள் மூலமாகப் பெண் கேட்டு வந்தான். கம்பெனி வேலை, நல்ல குடும்பம் என்றார்கள். கல்யாணத்தன்று, "இவதான் என் மொத புருஷன்" என்று என்னை அவனுக்கு அறிமுகம் செய்தாய். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

சிதம்பரத்தில் மாடி வீடு எடுத்தீர்கள். உன்னைப் பார்க்க வந்த அம்மாவின் கண்ணெதிரே ஒரு நாள் அவன் உன்னை அறைந்தானாம். நீ விழுந்தாயாம். அவள் துள்ளி எழுந்தபோது நீ சிரித்துக்கொண்டே, "சும்மா ஒத்திகைம்மா, அவரும் கத்துக்கறாரு" என்றாயாம். மேடையில் கேட்ட மாதிரிப் பெரிய சத்தமும் வரவில்லை என்பதால் அவள் நம்பிவிட்டாள். நிஜ அறைக்கு அவ்வளவாகச் சத்தம் வராது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அக்கம்பக்கத்தாரும் அதையேதான் சொன்னார்கள், நாடகக்காரி, எப்பவும் விழுந்து எழுந்துகொண்டிருப்பாள் என்று. ஒரு நாள் காலை மாடிப்படியின் கீழே கிடந்தாய். வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான்.

பிணப் பரிசோதனையில் சந்தேகம் வந்து அவனைப் பிடித்தார்கள், வழக்கு கடலூர் கோர்ட்டுக்கு வந்தது. அவன் வக்கீல் நம் நாடக வீடியோவைப் போட்டுக் காட்டினார். திரையில் நீ விழுந்தாய், எழுந்தாய், மறுபடி விழுந்தாய். விழுவது இந்தப் பெண்ணுக்கு வாடிக்கை என்றார். உன் சாவை ஒரு வழுக்கல் என்று சொல்லி மூடிவிட அவன் பக்கத்தார் தயாராக இருந்தார்கள். பிறகு சாட்சிக் கூண்டில் நின்றிருந்த என் பக்கம் அந்த வக்கீல் திரும்பினார். "நீங்களும் நடிகைதானே, இப்பவும் நடிக்கறீங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாங்க சார், நடிச்சவதான். அதனாலதான் எது நடிப்பு இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றேன். "அவ எங்கிட்ட விழாத விதம் இல்ல. மல்லாக்க விழுந்தாக்கூட அவ தலை தரையில படாது. பின்மண்டை உடைஞ்சிருக்குன்னா, அந்த மண்டைய யாரோ புடிச்சி மோதியிருக்கணும்."

கைதானபோது அவனுடைய வலது மணிக்கட்டின் இரண்டு பக்கமும் நகக்கீறல் இருந்தது. பூனை கீறியது என்று சொல்லியிருந்தான். அரசு வக்கீல் அதைப் பற்றிக் கேட்டதும் பக்கத்தில் நின்ற பெண் போலீஸிடம் கையை என் தலைமேல் வைக்கச் சொன்னேன். முடியைப் பிடித்தால் நீ என்ன செய்வாயோ அதைச் செய்து காட்டினேன். இரண்டு கையாலும் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். என் நகம் பதிந்த இடமும் அவன் போட்டோவில் இருந்த காயமும் ஒரே இடம். நீதிபதி எழுதிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் நடித்த நல்ல காட்சி அதுதான், பார்க்க நீ இல்லை.

போன வாரம் தீர்ப்பு வந்தது. ஆயுள் தண்டனை. சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. படியிறங்கும்போது போலீஸ் நடுவில் அவன் என்னைத் தாண்டிப் போனான். அவன் தலைமுடி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. என் கைப்பையின் வார் அறுந்துபோகும் அளவுக்கு முறுக்கினேன், அவ்வளவுதான் முடிந்தது.

நானும் உன் அம்மாவும் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினோம். கோர்ட்டில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. டிக்கெட் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். பஸ் பாதி தூரம் வந்ததும், என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஏம்மா, எம் பொண்ணுக்கு வலிச்சிருக்குமா?"

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதில் என் வாய் வரைக்கும் வந்தது. அவளுக்கு வயசாகிவிட்டது, ஒரு பொய்யில் நிம்மதியாகப் போய்ச் சேரட்டும் என்று தோன்றியது. ஆனால் வலிக்காது, வலிக்காது என்று சொல்லித்தானே உன்னைப் படிக்குக் கீழே கொண்டுவந்து போட்டோம்.

"வலிச்சிருக்கும்மா. ஒவ்வொரு அடியும் வலிச்சிருக்கும்" என்றேன்.

அதற்கப்புறம் அவள் அழுதாள். பஸ்ஸே திரும்பிப் பார்க்க, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். முன்சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, அழாதீங்கம்மா என்றார். விடுங்க, அழட்டும் என்று நான் அவர் கையைத் தள்ளிவிட்டேன்.