கரண்டி ஒளித்த வீரன்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், உன் மகன் ரியோத்தா தன் சட்டைப் பொத்தானைத் தானே தைத்துக்கொண்டான். ஒசாகா நகரமே ஆடிப்போயிருக்கிறது. உன் முழங்கால் வலி தேவலையா?

எனக்கு இங்கே ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், விரல்கள் மரத்துப்போகக் கூடாதென்று காலையில் தாத்தா பாட்டிகள் எல்லோரையும் சாப்பாட்டுக் குச்சியால் பிளாஸ்டிக் பயறு பொறுக்கவைக்கிறார்கள். மதியம் சோற்றுக்கு மட்டும் கரண்டி! குச்சியால் தின்றால் நேரமாகிறதாம்.

"ஏன்டா தம்பி, பிளாஸ்டிக்கப் பொறுக்கத்தான் எனக்கு விரலா? சோறு திங்க இல்லியா?" என்று ஹனமுரா பாட்டி கேட்டார்.

நேற்று எல்லாக் கரண்டிகளையும் வாஷிங் மெஷினுக்குள் ஒளித்துவிட்டேன். எல்லோரும் குச்சியாலேயே நிதானமாகச் சாப்பிட்டார்கள். "யார் பார்த்த வேலை இது?" என்று மேலாளர் கத்தினார். நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான்!" என்றேன்.

உன் பிளம் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. அறையில் தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை. கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

ரியோத்தா

பி.கு.: "நான்தான்" என்றது நானில்லை அம்மா, ஹனமுரா பாட்டி. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்டனையாக இன்று அவருக்குக் குச்சியும் இல்லை, கரண்டியும் இல்லை. ஊட்டிவிடச் சொல்லி என்னைத்தான் உட்காரவைத்தார்கள்.