எட்டாயிரம் கோராம்

நவம்பர் 11, செவ்வாய்
மழை. நான் வேலை பார்க்கும் அஹத் அண்ணன் கம்ப்யூட்டர் கடையில் ஈ காக்கை இல்லை. புது கிராபிக்ஸ் கார்டுகளைப் பற்றிய வதந்திகளையே மேய்ந்துகொண்டிருந்தேன். வரப்போகும் நடுத்தர மாடலில் எட்டாயிரம் கோராம், அதாவது கணக்குப் போடும் குட்டி மூளைகள்! இப்போதிருப்பதில் ஐயாயிரம்தான். ஒரேயடியாக இவ்வளவு கூட்டுவார்களா? சிப்பில் பாதிக் கோர்களை முடக்கிவிட்டு விற்பதுதானே இவர்கள் வழக்கம்? எப்படியோ, என் யூடியூப் சேனலுக்கு ஒரு வீடியோ ஆச்சு.

நவம்பர் 12
பதிவு செய்ததைக் கேட்டுவிட்டு அண்ணன் சிரித்தார். "என்ன வஹீதா, இருக்குமாம், வருமாம்னு... குழாயடியில பேசுற மாதிரி இருக்கு. டெக் சேனல்னா ஒரு கெத்து வேணாமா?" ரோஷம் வந்துவிட்டது. எல்லா 'ஆம்'களையும் எடுத்துவிட்டு மறுபடி பேசினேன். "எட்டாயிரம் கோர் இருக்கு. டிசம்பர் முதல் வாரம் கடைக்கு வருது." கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 15, சனி
பொன்மலையிலிருந்து செந்தமிழன் சார் வந்தார். அனிமேஷன் செய்கிறவர். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜவுளிக்கடை வைக்கும் பெரிய திரைக்குப் படம் செய்கிறார். சொந்தமாகப் பிடித்த முதல் வேலை. அவருக்காக எடுத்து வைத்திருந்த கார்டை வேண்டாம் என்றுவிட்டார்.
"நீங்கதான் வீடியோல சொல்லிட்டீங்களே, டிசம்பர்ல வருதுன்னு. அதுவரைக்கும் பழசு இழுத்துடும்."
வருதாம்ங்க சார், வருதுன்னு இல்ல - இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. சாயங்காலமே அந்தக் கார்டை வேறொருவர் வாங்கிப் போனார்.

நவம்பர் 20
ஒருத்தர் ஆறாயிரம் கோர் என்கிறார். இன்னொருத்தர் எட்டாயிரமேதான் என்கிறார். யா அல்லாஹ், எட்டாயிரமாகவே இருக்கட்டும்.

நவம்பர் 27, வியாழன்
செந்தமிழன் சாரின் பழைய கார்டு பழுதாகி, பட வேலை நின்றுவிட்டது. போனில் சொன்னார். "பரவால்லீங்க, இன்னும் ஒரு வாரந்தானே."
நான் என்ன சொன்னேன்? "ம்" என்றேன். எனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? சென்னை வரைக்கும் போன் போட்டுட்டேன், அவருக்கு எடுத்து வெச்சிருந்த மாடல் எங்கயும் இல்ல. புதுசு வருதுன்னு கடைக்காரங்க எல்லாரும் பழசு எடுக்கறத நிறுத்திட்டாங்க. அண்ணன் என்னடான்னா, "நாம என்ன கம்பெனிக்காரனா?"ங்கிறார். அவருக்கென்ன!

டிசம்பர் 3, புதன்
கம்பெனிக்காரர்கள் அறிவித்துவிட்டார்கள். எட்டாயிரம் கோர். சொன்னது சொன்னபடி! "அக்கா, வேற லெவல்!" என்று கமெண்ட் குவிகிறது.
அறிவிப்பின் கடைசியில் ஒரு வரி. இந்தியாவுக்கு மார்ச்சில்தான்.

டிசம்பர் 13, சனி
செந்தமிழன் சார் ஆட்டோவில் தன் கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு வந்தார். படம் முடியவில்லை, ஜவுளிக்கடை வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். மெஷினை விற்றுவிடலாம் என்றார். திங்கட்கிழமையிலிருந்து பாலக்கரையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலையாம்.
பிரித்துப் பார்க்கும்படி அண்ணன் என்னிடம்தான் சொன்னார். ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றினேன்.
"என்னாலதான் சார்."
"அட, அதெல்லாம் இல்லீங்க. நீங்க சொன்ன எட்டாயிரம் கரெக்டாத்தானே இருந்துச்சு?" என்று சிரித்தார்.
நாலு திட்டு திட்டியிருக்கலாம்.