காட்சிக்கு வைத்த போன்

அனுப்புநர்:
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
மூக்குக்கண்ணாடிக் கடை ஊழியர்.
(பெயர், முகவரி, பள்ளி விவரம் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: பள்ளி மேடையில் என் மகளைப் படம்பிடித்துப் பரப்பிய வீடியோவை நீக்கவும், அவள் மீதான இடைநீக்கத்தை ரத்து செய்து செய்முறைத் தேர்வுக்கு அனுமதிக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். என் கணவர் சரக்கு லாரி ஓட்டுநர். பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். எங்களுக்கு ஒரே மகள். இம்மனுவைக் கடையின் பின்னறையில், சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். நடுநடுவே ஆள் வந்தால் எழுந்து போக வேண்டியிருக்கிறது. சொல்வது முன்பின்னாக இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. என் மகள் படிக்கும் பள்ளியில் மாணவர்கள் போன் கொண்டுவரத் தடை உண்டு. வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். அதே பள்ளியில் வீட்டுப்பாடம், தேர்வுப் பகுதி, நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்பது உட்பட எல்லாம் வகுப்பு குரூப்பில்தான் வரும். எங்கள் வீட்டில் என்னிடம் ஒரு போன், கணவரிடம் ஒரு போன். இரண்டும் எங்களோடு வேலைக்குப் போய்விடும். நான் வீடு திரும்பியதும் மகள் முதலில் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், கைப்பையைத்தான் பார்ப்பாள். "குரூப்ல என்னம்மா போட்டிருக்காங்க? சீக்கிரம் குடுங்க" என்பாள். வகுப்பில் மற்றவர்கள் பேசிச் சிரித்து முடித்த பிறகுதான் எதுவும் அவளுக்குத் தெரியவரும்.

3. இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் அறிவியல் வகுப்பில் ஒரு செயல்திட்டம் கொடுத்தார்கள். செடி வளர்வதை வீடியோ எடுத்துக் காட்ட வேண்டுமாம். "சொந்தமா போன் இருக்கறவங்க இந்தப் பக்கம், இல்லாதவங்க அந்தப் பக்கம்" என்று ஆசிரியை பிரித்து நிற்க வைத்தார். வேலை எளிதாக வேண்டும் என்று செய்திருப்பார்; அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் 'அந்தப் பக்கம்' என் மகளோடு இன்னும் ஓரிருவர்தான் நின்றார்கள். மறுநாளிலிருந்து சாப்பிட உட்காரும்போதும் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் தொடர்ந்தது. இந்தப் பக்கத்துக்குள்ளும் எந்த மாடல், எத்தனை கேமரா என்று தனித்தனி வரிசை உண்டாம். இதையெல்லாம் அவள் அப்போது என்னிடம் சொல்லவில்லை. "பசிக்கலம்மா" என்று மட்டும் சொல்வாள்.

4. என் தம்பி செல்போன் கடையில் வேலை செய்கிறான். கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்கும் மாதிரி போன்களைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. திரை இருக்கும் இடத்தில் படம் அச்சடித்து ஒட்டியிருப்பார்கள். புது மாடல் வந்ததும் பழையதைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவார்கள். அப்படி ஒன்றை என் மகள் மாமாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். "ரீல்ஸ் மாதிரி நடிச்சு விளையாடக் கேக்குறாள்னு நெனச்சுக் குடுத்தேன்க்கா" என்று இப்போது தலையில் அடித்துக்கொள்கிறான்.

5. அவள் அதை உறை போட்டுப் பள்ளிக்கு எடுத்துச் சென்றிருக்கிறாள். மேசைமேல் எப்போதும் கவிழ்த்துத்தான் வைப்பாளாம். கேமரா மூன்றும் மேலே தெரியும். பேருந்தில் காதில் வைத்துக்கொண்டு "ம், ம், வந்துட்டே இருக்கேன்" என்பாளாம். நம்பர் கேட்டவர்களுக்கு என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். திடீரென்று அவள் தோழிகள் என்னை அழைக்கத் தொடங்கியதும், பிள்ளைக்கு நாலு பேர் சிநேகம் கிடைத்துவிட்டது என்று நான் மகிழ்ந்து போனேன். அந்த நாட்களில் அவள் நன்றாகச் சாப்பிட்டாள், ஐயா. அதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

6. சென்ற வாரம் பள்ளியில் திடீர்ச் சோதனை நடந்தது. எனக்குக் கடைக்கு அழைப்பு வந்தது: "உங்க பொண்ணோட போன் மாட்டியிருக்கு, வந்து வாங்கிட்டுப் போங்க." "என் போன்லதானேங்க பேசிட்டிருக்கேன்" என்றேன். வைத்துவிட்டார்கள். ஒன்றும் புரியாமல், கடையில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். பிடிபட்ட போன்கள் எல்லாம் பள்ளி அரங்கின் மேடையில், நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் கிடந்தன. மாணவர்கள் கீழே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர்கள் சுவரோரம் நின்றோம். ஒவ்வொருவராக மேடையேறி, லாக்கைத் திறந்து காட்டி, தன்னுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். அதுதான் ஏற்பாடு.

7. என் மகள் மேடையேறினாள். துணைத் தலைமையாசிரியர் அந்தப் போனை நீட்டினார். அவள் அமுக்கினாள். மறுபடியும் அமுக்கினாள். "சார்ஜ் இல்ல சார்" என்றாள். அவர் சார்ஜர் கொண்டுவரச் சொன்னார். வயர் உள்ளே போகவில்லை. போக அங்கே துளையே இல்லை. அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், நகத்தால் ஓரத்தைக் கிள்ளி அந்தப் படத்தை உரித்தார். "இது போன் இல்லடா, டம்மி பீஸு!" என்று மைக்கில் சொன்னார். அரங்கமே சிரித்தது. சில பெற்றோரும் சிரித்தார்கள். என் மகள் அப்போதும் கையை நீட்டியபடியே நின்றாள், திருப்பித் தருவார் என்பதுபோல. நான் மேடையேறி அவள் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தேன்.

8. அன்று மாலைக்குள் வீடியோ பரவிவிட்டது. என் கணவர் எங்கோ டீ குடிக்க வண்டியை நிறுத்திய இடத்தில் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது நம்ம பாப்பாவா?" என்று போனில் கேட்டார். கோட்டோடு நானும் அதில் இருக்கிறேன். நேற்று கண்ணாடி போட்டுப் பார்க்க வந்த ஒருவர் என் முகத்தைப் பார்த்தார், தன் போனைப் பார்த்தார், பிறகு மறுபடி என் முகத்தைப் பார்த்தார். பவர் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். மகள் வீட்டில் என் போனை வாங்கி வாங்கிப் பார்க்கிறாள். "இன்னும் எத்தனை பேர் பாத்திருக்காங்கம்மா?" என்கிறாள். போனை ஒளித்து வைத்தால் வாசலுக்கும் அறைக்குமாக நடக்கிறாள். பேருந்துச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துகிறாள். பள்ளியில் இப்போது அவள் பெயரே 'டம்மி பீஸ்'தானாம்.

9. பள்ளியில் போய்க் கேட்டேன். "பசங்க எடுத்திருப்பாங்கம்மா, நாங்க என்ன பண்றது?" என்றார் துணைத் தலைமையாசிரியர். ஐயா, பணிவோடு ஒன்று சொல்கிறேன். பிள்ளைகளின் போன்கள் எல்லாம் தொட்டியில் கிடக்கின்றன. வீடியோவிலேயே அந்த நீலத் தொட்டி தெரிகிறது. நாங்கள் நின்ற சுவரும் தெரிகிறது, கீழே உட்கார்ந்த மாணவர்களின் முகமும் தெரிகிறது. அப்படியென்றால் எடுத்தவர் மேடைமேல்தான் நின்றிருக்க வேண்டும். யாரென்று எனக்குத் தெரியாது. அன்று மேடையில் யார் யார் நின்றார்கள் என்பது பள்ளிக்குத் தெரியும். இதைச் சொன்னதும் "மேடம், விஷயத்தைப் பெருசாக்காதீங்க" என்று எழுந்துவிட்டார்.

10. உண்மையான போன் கொண்டுவந்தவர்கள் அன்றே போனை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள். போனே இல்லாத என் மகளுக்கு மட்டும் இடைநீக்கம். "ஏமாற்றும் நோக்கத்தோடு நடந்துகொண்டேன்" என்று காலைக் கூட்டத்தில் படித்தால்தான் உள்ளே விடுவார்களாம். அவள் மறுக்கிறாள். "நான் யாரைம்மா ஏமாத்தினேன்? யாரோட பொருளையாவது எடுத்தேனா? அவங்க பக்கத்துல உக்காரணும்னு நெனச்சேன், அவ்ளோதான்" என்கிறாள். பொய் சொன்னது தவறு என்று கண்டித்தேன். தோழிகளிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஒத்துக்கொண்டாள். மைக்கில் கேட்க மாட்டேன் என்கிறாள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

11. நேற்று மாலை ஒரு மாணவி வீடு தேடி வந்தாள். வகுப்பிலேயே உயர்ந்த போன் அவளுடையதுதான். எல்லாரும் அவளைத்தான் சுற்றி நிற்பார்களாம். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்: "அந்தப் போன் என்னோடது இல்லடி. எங்க சித்திக்கு நைட் டூட்டி. காலையில அவங்க வந்து படுத்ததும் அவங்க போனை எடுத்துட்டு வந்துடுவேன். உன்னோடது மாட்டினப்ப, அடுத்தது நான்தான்னு நெனச்சேன்டி." என் மகள் முதலில் சிரித்தாள். பிறகு இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்தப் பெண்ணின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவள்மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம். ஒரு பிள்ளை நடிக்கிறது என்றால் என் வளர்ப்பைக் குறை சொல்லலாம். அத்தனை பேரும் நடித்துக்கொண்டிருந்தால் யாரைக் கேட்பது?

12. ஆகவே, அந்த வீடியோவை எடுத்தவர் யாரென்று விசாரித்து அதை நீக்கச் செய்யவும், என் மகளின் இடைநீக்கத்தை ரத்து செய்யவும், வீட்டுப்பாடத்தை மீண்டும் கரும்பலகையில் எழுதிப் போடச் சொல்லவும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தடை என்றால் முழுத் தடையாக இருக்கட்டும். அவசியம் என்றால் இல்லாத பிள்ளைக்குப் பள்ளி ஒரு வழி சொல்லட்டும்.

13. திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. என் கணவர் சுமையை இறக்கிவிட்டு அதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். இன்று காலை என் மகள் யாரும் சொல்லாமலே சீருடையைத் துவைத்துக் காயப்போட்டாள். திங்களன்று பள்ளி திறக்கும்போது அவள் வாசலில் நிற்பாள். நாங்கள் இருவரும் அவள் பக்கத்தில் நிற்போம். தங்கள் உத்தரவு அதற்குமுன் வந்து சேர்ந்தால் அவள் மற்றவர்களோடு உள்ளே போவாள். வராவிட்டாலும் நாங்கள் அங்கேதான் நிற்போம், ஐயா. தயவுசெய்து கேட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: கண்ணாடிக் கடை, பின்னறை

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்
மாணவியின் தாய்
(கையொப்பம்)