படிவத்தில் இருக்கும் மகள்

அப்பாவுக்கு,

இன்று வரி அலுவலகத்தில் ஒரு மணி நேரம் நின்றேன், உங்கள் புண்ணியத்தில்.

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருந்தது. சலவைக்கூடத்தில் துணி தேய்த்து நான் வாங்கும் சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடிக்கிறார்கள். சம்பளச் சீட்டைப் பார்த்ததும் குமாஸ்தா கேட்டார்: "ஏம்மா, நீ சம்பாதிக்கிறியா? உங்கப்பாதான் உன்னைக் காப்பாத்துறதா வருஷா வருஷம் எழுதிக் குடுக்கிறாரே! அதுக்காக அவர் சம்பளத்துல வரியைக் குறைச்சுல்ல பிடிக்கிறாங்க?"

காப்பாற்றுகிறீர்களா? நீங்கள் வீட்டை விட்டுப் போன இந்த எட்டு வருஷத்தில் எனக்கு ஒரு செருப்பாவது வாங்கித் தந்திருக்கிறீர்களா? அம்மா தையல் மெஷினை மிதித்து மிதித்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். இப்போது அவளைப் பராமரிப்பது நான். என் வரிப் படிவத்தில் அவள் பெயர் இருக்கிறது, பொய் இல்லாமல்.

இந்த மாதமே உங்கள் படிவத்தில் என் பெயரை அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நானே எழுதிக் கொடுத்துவிடுவேன்.

குமாஸ்தா அந்தப் படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். உங்கள் கையெழுத்தில் என் பிறந்த தேதி சரியாக இருந்தது. அப்படியென்றால் மறக்கவில்லை. ஆபீசுக்கு வருஷம் தவறாமல் அதை எழுதிய கைக்கு, அந்தத் தேதியில் எனக்கு ஒரு கடுதாசி போட மட்டும் ஏன் வரவில்லை?

இப்படிக்கு,
படிவத்தில் மட்டும் உங்கள் மகள்