ஐந்தாம் நாள் விட்ட காய்ச்சல்

2017 ஜூலை 24, திங்கள்

பரீட்சைக்கு இன்னும் பதினைந்து நாள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வைரசுப் பாடத்தை மறுபடியும் கேட்டார்கள். டெங்கு வைரசைக் கரும்பலகை நிறைய வரைந்தேன். பந்து போன்ற உருவம். முள்ளில்லை, வாலில்லை. வெளிப்புறத்தில் நூற்றெண்பது புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஓடு வேய்ந்த மாதிரிப் படுத்திருக்கும். அதற்குக் கீழே ஒரு கொழுப்புப் படலம். அது வைரசின் சொந்தச் சொத்தல்ல, முன்பு புகுந்த உயிர்க்கலத்தில் திருடியது. உள்ளே ஒற்றை நூலாக ஆர்.என்.ஏ. அவ்வளவுதான் சாமான்.

கடைசி வாங்கிலிருந்து ஸும்றா கேட்டாள்: "சேர், உசிரில்லாத சாமான் எப்பிடி ஆளக் கொல்லும்?"

"டைனமைட்டுக்கு உசிர் இருக்கா?" என்றேன். பாதிப் பேர் கடற்றொழில் வீட்டுப் பிள்ளைகள், டைனமைட்டால் மீன் பிடிப்பதைக் கண்டவர்கள், வகுப்பே சிரித்தது. பின்னேரம் வரைக்கும் எனக்கு என் பதில் பிடித்திருந்தது.

ஜூலை 26

மெரினாவுக்குக் காய்ச்சல். நூற்று மூன்று. கண்ணுக்குப் பின்னால் குத்துகிறதாம். சமையல் என் தலையில் விழுந்தது. பருப்பு அடிப்பிடித்துவிட்டது, மகள் ஜெசிக்கா வெறும் பாண் துண்டைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். "அப்பா, நாளைக்கும் நீங்களா சமைக்கிறீங்க?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

ஜூலை 27

மெரினாவின் அம்மா வந்துவிட்டார். ஊருக்கு அவர் பாக்கியம்மா. எனக்கும் மெரினாவுக்கும் மட்டும் 'தலவில எக்ஸ்பிரஸ்'. வீட்டில் யார் தும்மினாலும் தலவிலக் கோவிலின் புனித அன்னம்மாவுக்கு ஒரு நேர்த்தி வைப்பார். இம்முறையும் வைத்தாயிற்று. மகளைப் பாயில் நீட்டி, உச்சியிலிருந்து குதிக்கால் வரை நூலால் அளந்தார். அந்த நீளத்துக்குத் திரி போட்டு மெழுகுதிரி வார்ப்பது அவர்கள் குடும்ப வழக்கம். காய்ச்சல் விட்ட அன்றைக்கே அதைக் கோவிலில் ஏற்ற வேண்டும். அன்று விடிந்ததிலிருந்து அதை ஏற்றும் வரை, நேர்ந்தவருக்கும் நோயாளிக்கும் பல்லில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது.

"உயரத்தோட நிறையையும் அளந்து வையுங்க மாமி" என்றேன். அந்தக் காய்ச்சலிலும் மெரினா சிரித்தாள். மாமி சிரிக்கவில்லை.

"மகன், உங்கட படிப்பு உங்களோட. எங்கட நம்பிக்க எங்களோட."

ஜூலை 28

இரத்தம் சோதித்தோம். டெங்குதான். டொக்டர் பயப்படுத்தவில்லை. நன்றாகக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். ஞாயிறு காலையில், காய்ச்சல் இருந்தாலும் விட்டாலும், மறுபடி இரத்தம் கொடுக்கச் சொன்னார்.

மெரினா கேட்டாள்: "எனக்குத்தான் ஒருக்கா வந்திச்சே, கலியாணம் கட்டின வருசம்? அம்மை நோய் மாதிரி ஒருக்கா வந்தா பிறகு வராதுதானே?"

டெங்கில் நான்கு வகை. ஒன்றுக்கு எதிராக உடம்பு செய்துவைத்த பிறபொருளெதிரி, இன்னொரு வகையைப் பிடிக்கும், ஆனால் அடக்காது. பிடித்த பிடியோடு இரத்த வெண்குழியம் அதை விழுங்கும். விழுங்கிய இடத்திலேயே வைரசு பெருகும். காவலுக்கு வைத்தவனே கள்ளனைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் விடுவது போல. அதனால் இரண்டாம் தரம் வருவது முதல் தரத்தைவிடப் பொல்லாததாகலாம். பதினான்கு வருடமாக இதைப் படிப்பிக்கிறேன்.

அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: "நாலு வகை இருக்கு. இது வேற வகையாக்கும்." மீதியை விழுங்கிவிட்டேன். ஏன் பயப்படுத்த வேண்டும்?

ஜூலை 29

நூற்றிரண்டு. தம்பிலி இளநீர் குடித்தாள், சத்தி எடுத்தாள், திரும்பவும் குடித்தாள்.

ஜூலை 30, ஞாயிறு, காலை

காய்ச்சல் விட்டுவிட்டது! ஐந்தாம் நாள். நெற்றியில் கை வைத்தேன், குளிர்ந்து கிடக்கிறது. மாமி முழங்காலில் நின்று அழுகிறார். ஜெசிக்கா கட்டிலில் ஏறித் தாயோடு ஒட்டிக்கொண்டாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், ஒருவரும் பார்க்கவில்லை.

நவநாள் வழிபாடு நடப்பதால் தலவிலவுக்கு வான் வண்டி போகிறது. மெரினாவும் போகவேண்டும் என்கிறாள். "அம்மாக்கு நிம்மதியாப் போகும், வாங்களன்." இரத்தத்தை நாளைக்குக் கொடுக்கலாம் என்று நானேதான் சொன்னேன்.

ஜூலை 31

ஆஸ்பத்திரி விறாந்தை. நோயாளர் வாட்டுக்குள்ளே விடவில்லை.

நேற்றுத் தலவிலவில் திரியை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மெரினா மணலில் அப்படியே குந்திவிட்டாள். வயிறு நோகிறது என்றாள். கை கால் ஐஸ். வானிலேயே ஏற்றிக்கொண்டு வந்தோம். நாடி பிடிபடவில்லை என்று தாதி மிஸ் ஒருவர் சத்தம் போட்டார். அதற்குப் பிறகு ஒரே ஓட்டம்.

டொக்டர் விளக்கினார். காய்ச்சல் விடும் நேரத்தில்தான் இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்குமாம். நீர் வெளியே போய், இரத்தம் தடித்து, அமுக்கம் விழுந்து — எனக்குத் தெரியும், டொக்டர். எனக்குத் தெரியும். தெரிந்தவன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆகஸ்ட் 1

காலை பத்தேகாலுக்கு மெரினா போய்விட்டாள். முப்பத்துமூன்று வயது.

ஆகஸ்ட் 8

இன்று பரீட்சை தொடங்கியது. பிள்ளைகளுக்கு ஒரு சொல் சொல்லக்கூடப் போகவில்லை. இரசாயனவியல் படிப்பிக்கும் நஸீம்தான் என் வகுப்புகளையும் கடைசியில் பார்த்தார். பின்னேரம் வீட்டுக்கு வந்து பக்கத்தில் இருந்தார்.

"அல்லாஹ்ட நாட்டம், நிக்கொலஸ். நாம என்னத்தச் செய்ய?"

"செய்யலாம். செய்யலாமா இருந்திச்சு!" என்று கத்திவிட்டேன். பாவம் மனுசன். கத்தியதற்குக் கோபிக்கவில்லை, எழும்பிப் போகவும் இல்லை.

ஆகஸ்ட் 13

ஜெசிக்கா தாயின் சட்டையைத் தலையணைக்குப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். கழுவக் கூடாதாம். சரி, கழுவவில்லை.

ஆகஸ்ட் 20

மாமி விடியலிலிருந்து பொழுதுபடும் வரை ஒன்றும் குடிப்பதில்லை. இன்றுதான் கவனித்தேன், அடக்கத்துக்குப் பிறகு தினமும் அப்படித்தானாம். அறுபத்தேழு வயது, சீனி வியாதி வேறு. சத்தம் போட்டேன். "நான் நேர்ந்த நேர்த்தி, மகன். நான்தான் பட்டினி போட்டன். நான் அனுபவிக்கத்தானே வேணும்" என்றார்.

நல்லது, அனுபவியுங்கள் என்று மனம் சொன்னது. உண்மையாகவே சொன்னது. இந்தப் புத்தகத்தில்கூடப் பொய் எழுதினால் வேறு எங்கே போவது?

செப்டெம்பர் 2, சனி

முப்பத்தோராம் நாள் பூசை முந்தாநாள் முடிந்தது. இனிமேலாவது எழுதவேண்டும். ஜூலை முப்பத்தோராம் தேதி நான் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

தலவிலவில் திரி ஏற்றும் வரிசை நீளமாக இருந்தது. வெயில். மாமி மெழுகுதிரியோடு எங்களுக்கு முன்னால் நின்றார். மெரினா என் தோளில் சாய்ந்தபடி மெதுவாகக் கேட்டாள்: "ஒரு மிடறு தாங்க. எனக்கு ஏலாம இருக்கு." என் பையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. ஜெசிக்காவுக்கென்று கொண்டு போனது.

நேர்த்தியை நம்பாதவன் நான். கோவில் வாசலில் நின்று பகிடி விடுகிறவன். அன்றைக்கு மட்டும் எனக்கு என்ன வந்தது? காய்ச்சல் விட்ட சந்தோசமா? நான் கேலி செய்ததால் ஏதும் பிழையாகிவிடுமோ என்ற பயமா? ஒருக்காலாவது அவர்கள் வழக்கத்தைக் குழப்பாத மருமகனாக இருப்போம் என்று நினைத்தேன். அதுதான். அதுதான் உண்மை.

"இன்னும் பத்துப் பேர்தான் மெரினா. பொறுத்துக்கொள்ளு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பொறுத்துக்கொண்டாள். திரும்பக் கேட்கவில்லை. மாமியிடம் கேட்டு மாமி மறுத்திருந்தால் நான் ஆயுள் முழுக்க அந்த மனுசியைத் திட்டியிருப்பேன். ஆனால் கேட்டது என்னிடம், பையோடு நின்ற என்னிடம்.

செப்டெம்பர் 5

ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டொக்டரிடமே கேட்டேன். அன்று தண்ணீர் கொடுத்திருந்தால்?

"ஒரு போத்தல் தண்ணியால தப்பியிருப்பாவா எண்டு என்னால சொல்ல ஏலாது, சேர். காலையில இங்க வந்திருந்தா சந்தர்ப்பம் கூட."

அதாவது, தண்ணீர் மட்டுமல்ல. இரத்தம் கொடுக்காததும் நான்தான்.

செப்டெம்பர் 17, ஞாயிறு

பின்னேரம் ஜெசிக்கா பக்கத்து வீட்டில். மாமி என் மேசைக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். உதடு வெடித்துப் போயிருந்தது.

"மகன், அந்தக் கிருமி எப்பிடி இருக்கும்? கீறிக் காட்டுங்க."

கொப்பியில் வரைந்தேன். உருண்டை. ஓடு. கொழுப்பு. நூல். அது கலத்தோடு ஒட்டுவதையும், உள்ளே இழுபட்டதும் ஓடுகள் நிமிர்ந்து கதவு திறப்பதையும் சொன்னேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்குக் கண் இருக்கா?"

"இல்ல மாமி."

"எங்கள்ல கோவம் கீவம்?"

"அதுக்கு ஒண்டும் தெரியாது. உசிரே இல்லையெண்டும் சொல்லலாம்."

"அப்ப நான் ஆரக் கோவிக்கிறது?"

அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை. "என்னக் கோவியுங்க" என்றேன். சொல்லிவிட்டேன். வரிசை, போத்தல், பத்துப் பேர், எல்லாம். எழும்பி அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

மாமி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"எனக்குக் கேட்டது, மகன். முன்னுக்குத்தானே நிண்டன். புள்ள தண்ணி கேட்டதும் கேட்டது, நீங்க பொறுக்கச் சொன்னதும் கேட்டது."

பேனையைக் கொப்பியின் மேல் வைத்தேன்.

"மருமகன் முதல் தரம் எங்கட நேர்த்திய மதிச்சிட்டாரெண்டு எனக்குப் பெரிய சந்தோசம். அன்னம்மாவுக்கு அதுக்கும் சேத்து நன்றி சொன்னன்."

பிறகு இரண்டு பேரும் அழுதோம். ஜெசிக்கா வரும் சத்தம் கேட்கும் வரைக்கும்.

செப்டெம்பர் 18

காலையில் நான் ஊற்றிய தேத்தண்ணியை மாமி குடித்தார்.

2018 மார்ச் 4, ஞாயிறு

பக்கத்து வீட்டார் மார்ச் பெருநாளுக்குத் தலவில போகிறார்கள். வானில் இடமிருக்கிறது, வாங்களன் என்று கூப்பிட்டார்கள். மாமி போகவில்லை. இப்போது எங்களோடுதான் இருக்கிறார். போங்கள், நான் மகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பிறகு ஒரு வருசம் பார்ப்போம் என்றார்.

மத்தியானம் முற்றத்தில் மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஜெசிக்கா வெயிலில் ஓடி விளையாடிவிட்டு வந்து படியில் தொப்பென்று இருந்தாள். "தண்ணி" என்றாள்.

நானும் மாமியும் ஒன்றாக எழும்பினோம்.