லிவாவுக்கு நீங்கள் இழுக்காத கேரவன்

மண்ணுக்குள் போன பிறகும் இந்த வீட்டில் பெரிய ஆளாக இருக்கிற என் மச்சானுக்கு, ஜமீலா ஸலாம் சொல்லி எழுதுவது.

உங்களுக்காக துஆ கேட்கக் கையேந்தும்போதெல்லாம் ஒரு சங்கதி குறுக்கே வந்து நிற்கிறது. வாயால் சொல்ல வராததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அஞ்சாங்கிளாஸ் எழுத்துதான். நீங்கள் ஒருநாளும் அதில் பிழை பார்த்ததில்லை.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பேத்தி நஸ்ரின் ஸ்கூலில் அரபிப் பாடத்தில் முதலாவதாக வந்தாள். கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். உங்கள் ஷார்ஜா மெக்கானிக் ஷெட் ஓடுகிறது. நம் மகன் சாதிக் இன்னும் உங்கள் நாற்காலியில் உட்காருவதில்லை, வாடிக்கைக்காரர் வந்தால் நின்றுகொண்டே பேசுகிறான். உங்கள் வெள்ளைப் பிக்கப்பும் ஓடுகிறது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

குளிர் தொடங்கியதும் அரபிகள் பாலைவனத்தில் கூடாரம் போடக் கிளம்புவது உங்களுக்குத் தெரியாததா? நம் பழைய வாடிக்கைக்காரர் அபூ ராஷித் இந்த வருஷம் அமெரிக்காவிலிருந்து ஒரு கேரவன் இறக்கினார். கேரவன் என்றா சொல்வது, வீடு. பிக்கப்பின் பின்னால் கொக்கியில் மாட்டுகிற ஜாதி இல்லை. அதன் மூக்கு நீண்டு வந்து, பிக்கப்பின் தொட்டிக்குள்ளே, பின்சக்கரங்களுக்கு மேலே இருக்கிற இரும்புத் தட்டில் பூட்டிக்கொள்ளும். அதை, தைத் என்கிற ஊரைத் தாண்டி, தன் முகாமில் கொண்டுபோய் விடச் சொன்னார். சாதிக் முடியாது என்று சொல்லிவிட்டு மதியச் சோற்றுக்கு வந்தான்.

"ஏன் முடியாது?" என்றேன்.

"எஞ்சின் இழுத்துரும் உம்மா. முதுகு தாங்காது. அந்தக் கேரவன் எடையில அஞ்சுல ஒரு பங்கு நம்ம வண்டி மேல வந்து உக்காரும். அதோட நாங்க உக்காரணும், அந்த இரும்புத் தட்டு வேற. வண்டி எவ்வளவு சுமக்கும்னு கதவோரத்துல ஒட்டியிருக்கான். அதைத் தாண்டிரும்."

நீங்கள் பேசுவது மாதிரியே இருந்தது. உங்கள் பாடம், ஒரு சொல் குறையாமல். அந்த இடத்தில் நான் பெருமைப்பட்டிருக்க வேண்டாமா?

ஆனால் முந்தின நாள்தான், உங்களை அண்ணனாக்கிக் காக்கா என்றும் என்னை ராத்தா என்றும் கூப்பிடுகிற மேல்வீட்டு சபுரா வந்து உட்கார்ந்து, "காக்கா இருந்தவரைக்கும் பெரிய பெரிய வேலையா வந்துச்சு. இப்ப ஆயில் மாத்துறதுதானாமே ராத்தா?" என்று கேட்டுவிட்டு, என் வீட்டுச் சுண்டலையே வாயில் போட்டுக்கொண்டாள். அது உள்ளே வெந்துகொண்டிருந்தது.

"உன் வாப்பா இதைவிடப் பெருசை இதே வண்டியில அவ்வளவு தூரத்துல இருக்கிற லிவா பாலைவனம் வரைக்கும் இழுத்துட்டுப் போனாரு. மணல்மேடு ஏறி இறங்கி. நீ தைதுக்கே பயப்படுறே" என்றேன்.

சோற்றில் இருந்த அவன் கை நின்றது.

"இதே வண்டியிலயா?"

"பின்னே?"

மச்சான், நீங்கள் இழுக்கவில்லை. லிவா போன அந்தக் குளிர்காலத்தில் வெள்ளைப் பிக்கப் ஷெட்டில்தான் நின்றது. நீங்கள் பட்டாணியர் குல்கானின் வண்டியை இரவல் வாங்கி, அவரையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். சாதிக் அப்போது ஊரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான், நான் இங்கே உங்களிடம் வந்துவிட்டிருந்தேன். உங்கள் இரண்டு பேருக்கும் பரோட்டாவும் பொரித்த மீனும் கட்டிக்கொடுத்தவள் நான்.

"நம்ம வண்டி ஆகாதா?" என்று அன்றைக்குக் கேட்டேன். "குல்கான் வண்டிக்குப் பின்னால ரெண்டு பக்கமும் ரெட்டைச் சக்கரம் புள்ளே, நம்மளது ஒத்தை. என் வண்டிக்கு இது ஆகாதுன்னு அரபிகிட்டச் சொல்லிட்டேன். அவன் மூஞ்சி சுருங்குனா சுருங்கிட்டுப் போவுது, ஆள் உசிரோட போய்ச் சேரணுமில்ல" என்றீர்கள். இவ்வளவு துல்லியமாக ஞாபகம் வைத்திருப்பவளுக்கு எப்படி அந்தப் பொய் நாக்கில் வந்தது? செத்தவர் வந்து மறுக்கப்போவதில்லை என்ற தைரியமா?

அன்று சாயங்காலமே சாதிக் அபூ ராஷிதுக்கு போன் போட்டான். பிக்கப்பின் பின்பக்கம் கூடுதலாக ஸ்பிரிங் பட்டை வைத்தான். கேரவனைப் பூட்டியும் வண்டி தாழாமல் நின்றது. "பாத்தீங்களா உம்மா, லெவலா நிக்குது" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பட்டை போட்டால் வண்டி நிமிரும், அச்சும் டயரும் தாங்குகிற அளவு அதனால் ஏறாது என்று நீங்கள் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறீர்கள். அது ஞாபகம் வந்தும் நான் மாஷா அல்லாஹ் என்றேன். அபூ ராஷிதின் ஆட்கள் கேரவனின் முன்பக்க அறையில் அரிசி மூட்டைகளாக அடுக்கினார்கள். அந்தப் பாரமும் நம் வண்டியின் முதுகுக்குத்தான். என் பங்குக்கு ஒரு பெரிய தேக்சா பானை நிறையப் பிரியாணியை ஏற்றி, கூடப் போக ஆசைப்பட்ட மருமகள் ஹசீனாவையும் ஏற்றி அனுப்பினேன்.

அவள் திரும்பி வந்து சொன்னதை எழுதக் கை கூசுகிறது. "மாமி, அவுஹ ரவுண்டபவுட்ல ஸ்டியரிங்கைச் சுத்துறாஹ, வண்டி நேராப் போவுது. முன்பக்கம் தரையிலயே இல்லாத மாதிரி இருக்கு. அதைத் தாண்டி வேகம் எடுத்ததும் பின்டயர் வெடிச்சுது. கேரவன் எங்களைத் தள்ளுது மாமி. பக்கத்துல தண்ணி டேங்கர். அவுஹ யா அல்லாஹ் யா அல்லாஹ்ங்குறாஹ." ரோட்டோர மணலில் புதைந்ததால் நின்றதாம். டயரை மாற்றி, ஊர்ந்து ஊர்ந்து முகாமில் விட்டுவிட்டு வந்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? சாதிக் சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "வாப்பா லிவா வரைக்கும் போனாரு. எனக்குத் தைத் ரோட்டுலயே கை நடுங்குது. கோளாறு வண்டியில இல்ல உம்மா, என் கையில" என்றான். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். இந்தக் குளிர்காலம் முழுக்க அவன் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தான், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் முகாமைக் கலைத்தார்கள், கேரவனை ஷார்ஜாவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. சாதிக் புது டயர் போட்டான், இன்னொரு பட்டையும் வைத்தான். "ஒருதடவை ஒழுங்காக் கொண்டுவந்துட்டா எனக்கு மனசு ஆறிரும்" என்று ஹசீனாவிடம் சொல்லியிருக்கிறான். அவள் அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னா கேப்பாஹ மாமி. வேணாம்னு சொல்லுங்க."

வேண்டாம் என்று சொன்னால் போதாது என்று எனக்கல்லவா தெரியும். புர்காவைப் போட்டுக்கொண்டு டாக்ஸி பிடித்து ஷெட்டுக்குப் போனேன். அவன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான், கால் மட்டும் தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்துத்தான் சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் முடிந்திருக்காது.

"சாதிக், உன் வாப்பா இந்த வண்டியில இழுக்கல. குல்கான் வண்டியில போனாரு. நம்ம வண்டிக்கு ஆகாதுன்னு அரபிகிட்டச் சொல்லிட்டுத்தான் போனாரு. நான் பொய் சொன்னேன்."

அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது. பிறகு அவன் வெளியே வந்து, தரையிலேயே உட்கார்ந்து கையைத் துடைத்தான்.

"வாப்பா முடியாதுன்னா சொன்னாரு?"

"சொன்னாரு."

"அரபி மூஞ்சிக்கு நேரா?"

"நேராத்தான்."

அவன் முகம் தெளிந்ததைப் பார்த்தேன் மச்சான். தோளில் இருந்து எதையோ இறக்கிவைத்த மாதிரி மூச்சு விட்டான். எழுந்து போனை எடுத்து, "குல்கான் பாய், உங்க ரெட்டைச் சக்கர வண்டி சும்மா இருக்கா?" என்று இந்தியில் கேட்டான். கேரவன் அந்த வண்டியில்தான் பத்திரமாக வந்து சேர்ந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. சின்னப் பிள்ளையில் ஊரில் அவனைப் படுக்கவைத்து உங்களைப் பற்றி நான் சொன்ன கதைகளைத்தான் நினைத்திருப்பான். நீங்கள் இங்கே இருந்தீர்கள், அவனுக்கு வாப்பா என்றால் என் வாய்தானே?

"வாப்பாவைப் பத்தி நீங்க சொன்னதுல எதெல்லாம் நெசம் உம்மா?" என்று கேட்டான்.

நிறைய நிஜம். ஆனால் ஒவ்வொன்றிலும் நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறேன். அங்கேயே நின்று எதைக் கழிப்பது, எதை வைப்பது? டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மச்சான், இனி உங்களை உங்கள் அளவிலேயே சொல்லுவேன். நீங்கள் பயந்ததை, மறுத்ததை, அடுத்தவன் வண்டியை இரவல் கேட்டதை, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாப்பாட்டுக்குப் பிறகு அவனுக்குச் சொல்லுவேன். அவன் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. கூட்ட மாட்டேன். சபுரா என் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் கூட்ட மாட்டேன்.

உங்கள் மாமா மகள், சாதிக்கின் உம்மா,
ஜமீலா