தொண்டை எரிந்தால் நல்ல எண்ணெயாம்

என் தங்கப் பேத்திக்கு,

உன் தம்பி பிரிட்டோவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்துவிட்டது. உன் தங்கை வகுப்பில் முதல் ரேங்க். சின்னவன் பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கினான். தெருவுக்கே சொல்லிவிட்டேன்.

இத்தாலியிலிருந்து உன் மாமியார் வீட்டுத் தோட்டத்து ஆலிவ் எண்ணெய் வந்தது. உள்ளங்கையில் விட்டு நக்கினேன். ஒரே கசப்பு, தொண்டை எரிந்து இருமிவிட்டேன். நம்மூர் செக்கில் எள்ளோடு போடுவதுபோல் ஆட்டும்போது கருப்பட்டி போட மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, பாட்டிலுக்குள் நானே ஒரு துண்டு போட்டேன்.

பிரிட்டோ தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ அப்பாயி! தொண்டை எரிஞ்சாத்தான் அது நல்ல எண்ணெயாம். அக்கா மாமியார் சொன்னாங்க."

"அப்போ அந்தம்மாவையே அப்பாயின்னு கூப்பிடு" என்றேன்.

மறுநாள் ரொட்டியில் தொட்டுத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதை உன் மாமியாரிடம் சொல்லாதே.

உன் குழந்தையைத் தேய்த்துக் குளிப்பாட்ட, அரியமங்கலம் செக்கில் கூடவே நின்று, கருப்பட்டி போட்டு ஆட்டி நல்லெண்ணெய் அனுப்பினேனே, திறந்தாயா? நீ போன தடவை அனுப்பிய போட்டோவில் உன் மாமியார் மடியில் பிள்ளை எண்ணெயும் உடம்புமாய் மினுமினுக்கிறான். எந்த எண்ணெய் என்று நான் கேட்கவில்லை.

புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு. அதில் பிள்ளை மட்டும் இருக்கட்டும். தூக்கி வைத்திருக்கும் கை தெரிய வேண்டாம்.

உன் அப்பாயி